வெம்பிளி வாசலில் போன 320 பவுண்

தெரிந்தவரின் முகநூல் கணக்கிலிருந்து "ரிக்கெற் இருக்கு, வேணுமோ?" என்று மெசேஜ் வந்தால், காசு அனுப்ப முதல் அவருக்கு ஒரு கோல் எடுங்கள். அவர் எடுக்காவிட்டால் அவருடைய மனுசிக்கு எடுங்கள். அவசரத்தில் இருப்பவர்கள் இத்தோடு போகலாம். நான் எப்படி ஏமாந்தேன் என்று அறிய விருப்பமானவர்கள் மிச்சத்தையும் வாசியுங்கள்.

நான் லண்டனுக்கு வந்தது 1996இல். அந்த ஓகஸ்ட் மாதம் நெப்வேர்த்தில் ஒயாசிஸ் என்ற ஆங்கிலேய றொக் இசைக்குழுவினர் இரண்டு இரவு பாடினார்கள், ஒவ்வொரு இரவும் ஒன்றேகால் லட்சம் சனம். எனக்கு அப்போது பெற்றோல் ஸ்டேசனில் இரவு வேலை. கண்ணாடிக்குப் பின்னால் ஒரு சின்ன ரேடியோ இருந்தது. அதில் வந்த, அவர்களுடைய பாடகன் லியாமின் குரலில் பாதி ஆங்கிலம் எனக்கு விளங்கவில்லை. ஆனாலும் கையைப் பின்னுக்குக் கட்டிக்கொண்டு, நாடியை மைக்குக்கு உயர்த்திப் பாடுகிற அந்தத் திமிர், ஊரைவிட்டு வந்து மூலையில் குந்தியிருந்த எனக்குப் பெரிய தெம்பாக இருந்தது. நேரில் பார்க்க அப்போது காசில்லை, பிறகு நேரமில்லை. 2009இல் பரிஸ் நகரில் மேடைக்குப் பின்னால் அண்ணன் நோயலும் தம்பி லியாமும் சண்டை பிடித்து, நோயல் விலகிப் போனதோடு எல்லாம் முடிந்துவிட்டது என்றுதான் நினைத்திருந்தேன்.

2024 ஓகஸ்ட் 27ஆம் திகதி, திரும்பவும் சேருகிறோம் என்று அறிவித்தார்கள். 31ஆம் திகதி ரிக்கெற் விற்பனை. விடியவே கொம்பியூட்டருக்கு முன்னால் இருந்து, பின்னேரம் என் முறை வந்தபோது, 150 பவுண் அளவில் சொல்லியிருந்த நிற்கிற இடம் 350ஐத் தாண்டியிருந்தது. மூடிவிட்டு எழும்பினேன். இவ்வளவும் சொல்வது, நான் எவ்வளவு பசியோடு இருந்தேன் என்று தெரிவதற்காகத்தான். பசியோடு இருப்பவனைத்தான் அவர்கள் தேடுகிறார்கள்.

2025 ஜூன் மாதம், ஒரு அண்ணையின் கணக்கிலிருந்து மெசேஜ் வந்தது. எங்கள் பிள்ளைகள் ஒரே தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள். ஜூலை 30, வெம்பிளி ஸ்டேடியத்தில் ஒயாசிஸ், இரண்டு இருக்கைகள். குடும்பத்தில் ஒரு கலியாணம், போக முடியவில்லை. லாபம் வேண்டாம், வாங்கின விலையே போதும், 320. வரிசை 24, இருக்கை 117, 118 என்று ஒரு படமும் வந்தது.

மெசேஜ் ஆங்கிலத்தில் இருந்தது. அந்த அண்ணை என் வாழ்நாளில் எனக்கு ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதினதில்லை. பிறந்தநாள் வாழ்த்துக்கூட "தம்பி, நீடூழி வாழ்க" என்றுதான் வரும். இது எனக்கு உறைக்கவில்லை. அதே கணக்குக்கே கோல் எடுத்தேன், மறுமுனையில் எடுக்கவில்லை. "வேலையில் நிற்கிறேன், பிறகு கதைக்கிறேன்" என்று உடனே எழுத்தில் பதில் வந்தது.

அடுத்தது இன்னும் வெட்கக்கேடு. காசு அனுப்பும்போது, கணக்கின் பெயர் நீங்கள் எழுதிய பெயரோடு பொருந்தவில்லை என்று வங்கியின் அப் எச்சரிக்கை காட்டியது. கேட்டேன். "மச்சானின் கணக்கு, என்னுடைய காட் பழுது" என்றது மறுபக்கம். தமிழனுக்கு மச்சான் என்றால் போதும்தானே! எச்சரிக்கையைத் தள்ளிவிட்டு அமத்தினேன்.

ரிக்கெற்றை மாற்றுகிற வசதி கச்சேரிக் கிழமையில்தான் திறக்கும் என்று சொல்லி ஜூலை முழுக்க இழுத்தார்கள். அந்தக் கிழமை ஒரு மின்னஞ்சல் வந்தது. விற்பனைத் தளத்தின் அதே நிறம், அதே சின்னம். அதில் அமத்தினால் ஒரு பார்கோட் படம். என்னுடைய அப்பில் ஒன்றும் வரவில்லையே என்று கேட்டதற்கு, "இதுவே காணும், வாசலில் காட்டுங்கோ" என்ற கருத்தில் ஒரு பதில். உண்மையில் அந்த ரிக்கெற்றுகள் அப்பில் உங்கள் சொந்தக் கணக்குக்குள் வந்து இருக்கவேண்டும். அதன் பார்கோட் அசைந்துகொண்டும் புதுப்பித்துக்கொண்டும் இருக்கும், ஸ்கிரீன்ஷொட் எடுத்தால் வேலை செய்யாது. மின்னஞ்சலில் வருகிற படம் வெறும் படம். இது எனக்கு விளங்கினது தடுப்புக் கம்பிக்கு முன்னால் நின்றபோதுதான்.

மகளும் நானும் ஈலிங் ரோட்டிலிருந்து நடந்தே போனோம். தூரத்தில் அந்த வெள்ளை வளைவு. வழியெல்லாம் வட்டத்தொப்பி போட்ட சனம், இப்போதே பாட்டு. வாசலில் ஸ்கேன் பண்ண, சிவப்பு விளக்கு. இன்னொரு தரம், அதற்கும் சிவப்பு. அங்கு நின்ற பெடியன் நல்லவன், எங்களை ஒதுக்குப்புறமாகக் கூட்டிக்கொண்டு போய், இன்றைக்கு உங்களைப்போலக் கனபேர் வந்துவிட்டார்கள் என்றான்.

"அப்பா, கொஞ்சநேரம் நிண்டு கேட்டுட்டுப் போவம்" என்றாள் மகள். நின்றோம். எட்டேகால் போல உள்ளே இருந்து ஒரு இரைச்சல் எழும்பியது. பாட்டு என்று பிரித்தறிய முடியவில்லை, பாஸ் கிற்றார் மட்டும் கொங்கிறீற்றுக்கு ஊடாகக் காலுக்குள் ஏறியது. பதினைந்து நிமிடத்தில் காவலாளிகள் எங்களை நகர்ந்து போகச் சொன்னார்கள்.

அடுத்தநாள் அண்ணையின் வீட்டுக்கே போனேன். "ஐயோ தம்பி, அந்தக் கணக்கை மே மாசமே ஆரோ பிடிச்சிட்டாங்கள். நான் புதுசு திறந்திட்டன். எல்லாருக்கும் சொன்னனான், உம்மட்டைச் சொல்ல மறந்துபோனன் போல" என்றார். அக்கா தேத்தண்ணி தந்தா. யாரோடு கோபிப்பது?

காசு விசயம். வங்கியின் மோசடிப் பிரிவுக்கு உடனே கோல் எடுங்கள். இலக்கம் தெரியாவிட்டால் 159 அடித்தால் பெரும்பாலான வங்கிகளுக்கு இணைத்துவிடுவார்கள். 2024 ஒக்ரோபர் 7இலிருந்து, ஏமாற்றப்பட்டு வங்கி மாற்றல் செய்தவர்களுக்கு 85,000 பவுண் வரைக்கும் வங்கிகள் திருப்பித் தரவேண்டும் என்று பிரித்தானியாவில் விதி இருக்கிறது. ஆனால் முதல் 100 பவுணை அவர்கள் கழிக்கலாம். படுமோசமான கவனக்குறைவு என்று காட்ட முடிந்தால் மறுக்கவும் செய்யலாம். பெயர் பொருந்தாத எச்சரிக்கையை ஏன் தாண்டினீர்கள் என்று என்னையும் துருவினார்கள். எல்லா மெசேஜையும் படம் பிடித்து வைத்திருந்தேன், அதுதான் காப்பாற்றியது. மூன்று கிழமையில் 220 வந்தது. கடையில் அல்லது நிறுவனத்திடம் கிறெடிட் காட்டில் வாங்கியிருந்தால், 100 பவுணுக்கு மேற்பட்ட பொருளுக்கு 1974ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவு கைகொடுக்கும். தனியாளுக்கு நேரே அனுப்பினால் அதுவும் இல்லை.

செப்டெம்பர் 28, அந்தச் சுற்றில் ஒயாசிஸின் கடைசி வெம்பிளி இரவு. வாங்கின விலைக்கு மட்டும் மறுவிற்பனை செய்கிற அதிகாரபூர்வப் பக்கத்தை இரண்டு மாதம் நோண்டிக்கொண்டே இருந்தேன். கச்சேரிக்கு முந்தின இரவு ஒரு இருக்கை மாட்டியது. ஒன்றுதான். "எனக்கு நாளையிண்டைக்குப் பள்ளிக்கூடம், நீங்க போங்கோ" என்றாள் மகள். அப்பைத் திறக்க பார்கோட் அசைந்தது. ஸ்கேன் பண்ண, பச்சை விளக்கு. எனக்குக் கண் கலங்கிவிட்டது, பின்னால் நின்ற வெள்ளைக்காரர் என்ன நினைத்தாரோ.

உள்ளே மூன்று கிற்றாரும் சேர்ந்து அடிக்க, நெஞ்சாங்கூட்டுக்குள் யாரோ கதவைத் தட்டுவதுபோல இருந்தது. ஒரு பாட்டுக்கு லியாம், எல்லாரும் மேடைக்கு முதுகைக் காட்டித் தோளைக் கட்டிக்கொள்ளுங்கள் என்றான். ஒரு பக்கம் மொட்டைத்தலை மனிசன் ஒருவர், மறுபக்கம் அவருடைய மகன், நடுவில் நான். அரங்கமே துள்ள, சீமெந்துத் தரை ஆடியது. 29 வருசத்துக்கு முன்னால் ரேடியோவில் விளங்காத வரிகளையெல்லாம் கத்தினேன். மறுநாள் குரல் அடைத்து, காது இரண்டு நாள் கூவியது. பஞ்சு கொண்டுபோகாதது என் பிழை.

போன கிழமை இன்னொரு சிநேகிதன் கோல் எடுத்தான். அண்ணையின் அந்தப் பழைய கணக்கிலிருந்து அவனுக்கும் மெசேஜ் வந்திருக்கிறது. வேறு ஒரு இசைக்குழு, வேறு அரங்கம். வரிசை 24, இருக்கை 117, 118. தொடக்கம் "ஹாய் ப்ரோ".