என்.சி.சி.யா, என்.எஸ்.எஸ்.ஸா? எல்லையோரப் பிள்ளைகளின் காகிதக் கணக்கு

பாலக்காடு மாவட்டத்தின் தமிழ்நாட்டு எல்லையோரத்தில் உள்ள கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம் பக்கத்துத் தமிழ் வீடுகளில் பிளஸ் டூ வரை கேரளத்தில், பட்டப்படிப்புக்குக் கோவை அல்லது பொள்ளாச்சி என்பது வழக்கமாகிவிட்டது. கல்லூரி திறந்த கையோடு ஒரு படிவம் வீட்டுக்கு வரும். தமிழ்நாட்டில் பெரும்பாலான இளநிலைப் படிப்புகளில் ‘பகுதி 5’ என்ற பெயரில் விரிவாக்கப் பணி இருக்கிறது. தேசிய மாணவர் படை (என்.சி.சி.), நாட்டு நலப்பணித் திட்டம் (என்.எஸ்.எஸ்.), விளையாட்டு என ஏதாவது ஒன்றில் பெயர் கொடுத்தாக வேண்டும். எங்கள் மகள் என்.சி.சி.யில் சேர்ந்து ‘பி’ சான்றிதழ் வாங்கிவிட்டாள். என் அக்காள் மகன் இங்கே பள்ளியில் என்.எஸ்.எஸ்.ஸில் இருந்தவன். இரண்டு பேருக்கும் தாள்களை நிரப்பிக் கொடுத்தது நான்தான். என் சாய்வு என்.சி.சி. பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கட்டாயம் என்பது இந்த விஷயத்தில் புதிதல்ல. 1959-இல் சி.டி. தேஷ்முக் தலைமையிலான குழு, பள்ளி முடித்துக் கல்லூரிக்குப் போகும் எல்லா மாணவர்களும் ஒன்பது மாதம் முதல் ஓராண்டு வரை தேசியப் பணி செய்ய வேண்டும் என்று பரிந்துரைத்தது. அது நடைமுறைக்கு வரவில்லை. சீனப் போருக்குப் பின் 1963-இல் கல்லூரிகளில் என்.சி.சி. கட்டாயமாக்கப்பட்டது, 1968-இல் விருப்பத்துக்கு விடப்பட்டது. மறு ஆண்டு, காந்தி நூற்றாண்டில், செப்டம்பர் 24 அன்று 37 பல்கலைக்கழகங்களில் என்.எஸ்.எஸ். தொடங்கியது.

எல்லோருக்கும் தெரிந்த வேறுபாடுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஒன்றில் சீருடை, அணிவகுப்பு, துப்பாக்கிப் பயிற்சி. மற்றதில் ரத்ததானம், மரம் நடுதல், கிராமத்தில் ஏழு நாள் சிறப்பு முகாம். என்.சி.சி.யில் இடங்கள் குறைவு. ஓடவிட்டுப் பார்த்துத்தான் எடுப்பார்கள். என்.எஸ்.எஸ்.ஸில் ஓர் அலகுக்கு நூறு பேர் வரை சேரலாம். உடல்நலக் குறை உள்ள பிள்ளைக்கு இரண்டாவதுதான் வழி. இதில் விவாதிக்க ஒன்றுமில்லை.

எங்களைப் போன்ற குடும்பங்களுக்கு முடிவைத் தீர்மானிக்க வேண்டியது வேறு: பிள்ளை வாங்கும் காகிதம் மாநில எல்லையான வாளையாற்றுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே மதிப்போடு நிற்குமா?

என்.சி.சி. 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் பாதுகாப்பு அமைச்சகம் நடத்துவது. கேரளத்துக்கான இயக்குநரகம் திருவனந்தபுரத்தில், தமிழ்நாட்டுக்கானது சென்னையில். ஆனால் பாடத்திட்டமும் ‘ஏ’, ‘பி’, ‘சி’ என்ற சான்றிதழ் படிகளும் நாடு முழுக்க ஒன்றுதான். பாலக்காடு மாவட்டப் பள்ளியில் மகள் வாங்கிய ‘ஏ’ சான்றிதழைக் கோவைக் கல்லூரியில் நீட்டியபோது, இது என்ன என்று ஒருவரும் கேட்கவில்லை. அக்காள் மகனின் கதை வேறு. என்.எஸ்.எஸ்.ஸில் ஆண்டுக்கு 120 மணி வீதம் இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரப் பணி, அதோடு ஒரு சிறப்பு முகாம். பிளஸ் டூவில் அவன் அதை ஒழுங்காக முடித்தான். கிறிஸ்துமஸ் விடுமுறையை முகாமிலேயே கழித்தான். கருணை மதிப்பெண்ணும் கிடைத்தது. ஆனால் அந்தப் பலன் கேரளத் தேர்வோடு தீர்ந்துவிட்டது. கோவையில் புதிய பதிவு, புதிய பணிக் குறிப்பேடு, மணிக்கணக்கு மறுபடியும் பூஜ்யத்திலிருந்து. அவன் செய்த வேலைக்கு இது நியாயமில்லை என்று இன்றும் நினைக்கிறேன்.

இந்த இடத்தில் பெயர் விஷயத்தை விரிவாகச் சொல்ல வேண்டும். எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் இனிஷியல் பெயருக்குப் பின்னால் இருக்கும். ஆதாரில் அதே இனிஷியல் விரிந்து அப்பாவின் முழுப் பெயராக நிற்கும். வங்கிப் புத்தகத்தில் சில நேரம் இரண்டுமே இருக்காது. தமிழ்நாட்டுக் கல்லூரி அலுவலகம் பழக்கதோஷத்தில் இனிஷியலை முன்னால் தூக்கி வைத்துவிடும். ஆக, ஒரே பெண் நான்கு காகிதங்களில் நான்கு பேராக இருப்பாள். என்.சி.சி. பதிவுப் படிவத்தில் எழுதும் பெயர்தான் கடைசிவரை சான்றிதழில் வரும். மகளின் படிவத்தை எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு, புள்ளியும் இடைவெளியும் உட்பட எழுத்து எழுத்தாகப் பார்த்து நிரப்பினோம். அதற்கு முன்பே அக்ஷயா மையத்தில் (கேரள அரசின் இ-சேவை மையம்) ஆதாரையும், பிறகு வங்கிக் கணக்கையும் அதே வடிவத்துக்குக் கொண்டுவந்திருந்தோம். சீருடைப் படி கணக்குக்கே வருவதால் அதிலும் பெயர் பொருந்தியாக வேண்டும்.

அருகிலுள்ள காவல் நிலையம், ரயில் நிலையம் என்றும் படிவம் கேட்கும். கல்லூரி கோவையில் இருந்தாலும் நிரந்தர முகவரிக்கு உரியதையே எழுத வேண்டும்: கொழிஞ்சாம்பாறை காவல் நிலையம், பாலக்காடு டவுன் ரயில் நிலையம். முகாமுக்குப் போகும்போது மருத்துவரின் தகுதிச் சான்றும் பெற்றோர் ஒப்புதலும் தனியாகத் தர வேண்டும். என்.எஸ்.எஸ்.ஸில் இவ்வளவு இல்லை. பதிவுப் படிவம், மை பாரத் தளத்தில் பதிவு, பணிக் குறிப்பேடு, முகாமுக்கு வீட்டின் சம்மதம் என்ற அளவில் முடிந்துவிடும். காகிதச் சுமையை மட்டும் எடை போட்டால் என்.எஸ்.எஸ்.தான் இலகு. ஆனால் ஒருமுறை பட்ட சிரமம் எங்கே போனாலும் செல்லும் சான்றிதழாகத் திரும்பி வருகிறதே, அதுதான் எனக்குப் பெரிது.

வருகைப் பதிவில் என்.சி.சி. கறார். 75 சதவீதம் இல்லாவிட்டால் சான்றிதழ்த் தேர்வு எழுத முடியாது. ஓணத்துக்கு இங்கே பள்ளி, கல்லூரிகள் பத்து நாள் மூடிக் கிடக்கும். கோவையில் பல ஆண்டுகளில் திருவோணத்துக்கு மட்டும் உள்ளூர் விடுமுறை. அந்த வாரத்தில் அணிவகுப்பு வந்தால் வீட்டுக் கொண்டாட்டத்தை விட்டுவிட்டு அதிகாலைப் பஸ்ஸைப் பிடித்தாக வேண்டும். பஸ் வசதி இல்லாத உள்ளூர்களிலிருந்து தினமும் போய்வரும் பெண்களுக்கு இது உண்மையான தடை. விடுதியில் இடம் கிடைக்காவிட்டால் என்.சி.சி.யை வற்புறுத்த எனக்கு மனம் வராது.

‘சி’ சான்றிதழில் குறைந்தது ‘பி’ கிரேடும், பட்டத்தில் 50 சதவீத மதிப்பெண்ணும் இருந்தால் எழுத்துத் தேர்வு இல்லாமல், அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் எஸ்.எஸ்.பி. நேர்காணலுக்கு விண்ணப்பிக்கும் சிறப்பு நுழைவு ராணுவத்தில் உண்டு. ஆண், பெண் இரு பாலருக்கும். தேறுபவர்களுக்குப் பயிற்சி சென்னையில் பரங்கிமலை அகாடமியில். மகள் இன்னும் அந்தப் படிக்கு வரவில்லை, ஆகவே நேர்காணல் எப்படி இருக்கும் என்று அனுபவமாகச் சொல்ல என்னிடம் எதுவுமில்லை. கல்லூரி என்.எஸ்.எஸ். பற்றியும் அக்காள் மகனின் ஒரு பருவத்தை வைத்தே பேசுகிறேன். சமூகப் பணித் துறைக்குப் போக நினைக்கும் பிள்ளைக்கு அந்தக் கிராம முகாம் தரும் பழக்கத்தை அணிவகுப்பு மைதானம் தராது என்பதை மட்டும் அவனைப் பார்த்தே ஒப்புக்கொள்வேன்.

இந்த ஆண்டு சேர்ப்பவர்கள் பிளஸ் டூ முடிவு வந்ததும் முதல் வேலையாக ஆதார், வங்கிக் கணக்கு இரண்டையும் எஸ்.எஸ்.எல்.சி. பெயருக்கு இணங்கத் திருத்தி வையுங்கள். கல்லூரி திறந்தபின் என்.சி.சி. பதிவுக்குத் தரும் அவகாசத்தில் அதைச் செய்து முடிக்க முடியாது.