ஆராதனைக் கூடத்தில் ஒரு பந்தி: நியூயார்க் ஹோலி அப்போசல்ஸ் உணவுச்சாலை

நியூயார்க்கின் மன்ஹாட்டனில், 9ஆம் அவென்யூவும் 28ஆம் தெருவும் கூடும் முனையில் உள்ள ஹோலி அப்போசல்ஸ் என்ற எபிஸ்கோப்பல் (ஆங்கிலிக்கன் மரபைச் சேர்ந்த கிறிஸ்தவச் சபை) ஆலயம், 1982 அக்டோபர் முதல் வார நாட்களில் இலவச உணவு வழங்கி வருகிறது. இலவசமாகக் கிடைக்கும் உணவுக்கு மதிப்புரை எழுதலாமா என்று சிலருக்குத் தோன்றக்கூடும். எழுதத்தான் வேண்டும் என்பது என் கருத்து. காசு கொடுத்து உண்பவர் குறை சொன்னால் கடைக்காரர் காதுகொடுத்துக் கேட்கிறார். காசில்லாமல் உண்பவர் குறை சொன்னால் நன்றி கெட்டவர் என்ற பெயர்தான் மிஞ்சுகிறது. ஆகவே அவருக்கு எப்படிப் பரிமாறப்படுகிறது என்பதை வேறொருவராவது கவனித்து எழுத வேண்டும்.

அமெரிக்காவில் வேலையின்மை 10 விழுக்காட்டைத் தொட்ட 2009ஆம் ஆண்டின் இறுதியில், வாரம் ஒரு நாள் பரிமாறுவதற்காக அங்கே சென்று வந்தேன். அந்நாட்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் ஒரே நண்பகலில் அங்கே உண்டார்கள். வீடின்றித் தெருவில் வாழ்பவர்கள் மட்டுமே வருவார்கள் என்று எண்ணிச் சென்ற எனக்கு, இஸ்திரி போட்ட சட்டையும் தோளில் அலுவலகப் பையுமாக நின்றவர்களைப் பார்த்தபோது மனம் கனத்தது. அவர்களில் சிலர் யாருடைய முகத்தையும் ஏறிட்டுப் பார்க்கவில்லை.

இந்த உணவுச்சாலையின் முதல் சிறப்பு இங்கேதான் இருக்கிறது. வரிசையில் வந்து நிற்பவரிடம் அடையாள அட்டை, வருமானச் சான்று, முகவரி, மதம் என எதையும் கேட்பதில்லை. அரசின் உணவு உதவிக்கு விண்ணப்பித்தால் அதைப் பரிசீலித்து முடிவு சொல்ல முப்பது நாட்கள் வரை ஆகலாம். வேலை போன நாளுக்கும் அந்த உதவி கைக்கு வரும் நாளுக்கும் இடையில் வயிறு காத்திருப்பதில்லை. தகுதியை நிரூபித்த பிறகே சோறு என்றால், நேற்றுவரை பிறருக்கு உதவிய நிலையில் இருந்து இன்று வீழ்ந்தவர்தான் முதலில் ஒதுங்கிக்கொள்வார். கேள்வி கேட்காமல் இலை போடுவது எவ்வளவு பெரிய உதவி என்பது, அலுவலகப் பையோடு நின்ற அவர்கள் அன்று தட்டை வாங்கிக்கொண்டு மெல்ல நிமிர்ந்து நடந்ததைக் கண்டபோதுதான் எனக்கு விளங்கியது.

இரண்டாவது சிறப்பு இடம். இதைப் பற்றி நான் சற்று விரிவாகவே எழுத விரும்புகிறேன். பல ஊர்களில் அன்னதானம் என்றால் பின்கட்டிலோ, நிலவறைக் கூடத்திலோ, பக்கவாசல் வழியாகவோ நடக்கிறது. ஆலயத்தின் முகப்பு வேறு, ஏழைகளின் வாசல் வேறு. இங்கே பந்தி நடப்பது ஆராதனைக் கூடத்திலேயேதான். மினார்ட் லஃபீவர் என்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்து 1840களில் எழுந்த இந்த ஆலயத்தில், வில்லியம் ஜே போல்டன் உருவாக்கிய வண்ணக் கண்ணாடிச் சன்னல்கள் உள்ளன. 1990 ஏப்ரலில் கூரையில் பற்றிய தீ கட்டடத்தைப் பெரிதும் சிதைத்தது. மறுநாளும் உணவு வழங்குவதை அவர்கள் நிறுத்தவில்லை. சீரமைத்து 1994இல் மீண்டும் திறந்தபோது, தரையோடு பொருத்திய பழைய நீள இருக்கைகளைத் திரும்பவும் அமைக்காமல் கூடத்தைத் திறந்த வெளியாகவே விட்டுவிட்டார்கள். வார நாட்களில் அங்கே மேசைகள், ஞாயிறன்று ஆராதனைக்கு நாற்காலிகள். பல ஆண்டுகளாக, 2016 வரை, வெள்ளிக்கிழமை மாலைகளில் ஒரு யூத வழிபாட்டுக் குழுவும் இதே ஆலயத்தில் கூடியது. பீடம் ஒரு புறம் இருக்க, கண்ணாடி வழியே இறங்கும் நிறங்கள் தம் தட்டின்மேல் விழ, ஒருவர் சாவகாசமாக உட்கார்ந்து உண்பதைப் பார்த்திருக்கிறேன். அந்த நகரத்தின் விலை உயர்ந்த உணவகங்களில்கூட அப்படியொரு கூடம் கிடைப்பது அரிது.

உணவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சுடச்சுட ஒரு முதன்மை உணவு, வேகவைத்த காய்கறி, ரொட்டி, பழம், குடிக்க ஏதாவது. நம் நாக்குக்கு உப்பும் காரமும் குறைவு என்றாலும், பெருமளவில் சமைத்த உணவுக்கு வழக்கமாக வந்துசேரும் சலிப்பு அதில் இல்லை.

தொடங்கிய நாளில் உண்டவர்கள் 35 பேர்தான். 1982இன் இறுதியில் நாட்டின் வேலையின்மை 10.8 விழுக்காட்டை எட்டியிருந்தது; நலத்திட்டங்களுக்கான அரசு நிதியும் வெட்டப்பட்டிருந்தது. உறுப்பினர்களும் வருவாயும் சுருங்கிப்போயிருந்த ஒரு சபைதான் அப்போது அடுப்பை மூட்டியது என்பதை எண்ணும்போதெல்லாம் என் மதிப்பு கூடுகிறது. மிஞ்சியதைக் கொடுப்பது ஒரு வகை. தனக்கே போதாத நேரத்தில் பகிர்வது முற்றிலும் வேறு வகை.

வரம்புகளையும் சொல்ல வேண்டும். வார இறுதியில் பசிப்பவர் வேறிடம் தேட வேண்டும். ஒரு வேளை உணவு வாடகையைக் கட்டாது. ஆலயத்தைச் சுற்றி விலை உயர்ந்த குடியிருப்புகள் எழுந்துகொண்டிருக்க, சில தெருக்கள் தள்ளி எலியட்-செல்சீ அரசுக் குடியிருப்பில் வாழ்பவர்களின் கவலையை ஒரு தட்டு தீர்த்துவிடாது. இதை அறிந்தே உதவிகளுக்கு வழிகாட்டும் ஆலோசகர்களையும், உண்ண வருபவர்களுக்கான எழுத்துப் பட்டறையையும் அவர்கள் சேர்த்துக்கொண்டார்கள். பட்டறையைக் கேள்விப்பட்டபோது பசித்தவருக்கு எழுத்து எதற்கு என்றுதான் நினைத்தேன். தம் கதையைக் கேட்க ஆள் கிடைக்காதவர்களுடன் பேசிய பிறகு அந்த எண்ணத்தை மாற்றிக்கொண்டேன். 2020இல் பெருந்தொற்று பரவி உள்ளே அமர்ந்து உண்ண இயலாமற்போனபோது, பொட்டலங்களை வெளியே வைத்து வழங்கினார்கள். வீட்டில் சமைத்துக்கொள்ள மளிகைப் பொருட்கள் தரும் பணியும் தொடங்கியது.

நியூயார்க்கிலோ நியூ ஜெர்சியிலோ வாழும் நம்மவர்கள் ஒரு நாளாவது பரிமாறச் செல்ல வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். பென் ஸ்டேஷன் ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போய்விடலாம். நவம்பரில், நன்றி கூறும் பண்டிகையையொட்டி எல்லா உணவுச்சாலைகளுக்கும் ஆட்கள் தாமாகவே வந்துவிடுவார்கள். நீங்கள் பிப்ரவரியில், குளிர் கடுமையாக இருக்கும் ஒரு செவ்வாய்க்கிழமை செல்லுங்கள்.