ஆய்வேட்டை எழுதிக்கொண்டே வேலைக்கும் ஆயத்தமாதல்: ஒரு பல்கலைக்கழகத் தொழில் வழிகாட்டு மையம் குறித்த மதிப்புரை

கல்வியியல் முதுகலைப் படிப்பின் இறுதி ஆண்டில், ஆய்வேட்டை எழுதிக்கொண்டே வேலைக்கும் ஆயத்தமாக வேண்டியிருந்த ஒன்பது மாதங்கள், நான் பயின்ற பல்கலைக்கழகத்தின் தொழில் வழிகாட்டு மையத்தைத் தொடர்ந்து பயன்படுத்தினேன். ஏழு தனிச் சந்திப்புகள், மூன்று குழுப் பயிலரங்குகள், இரண்டு மாதிரி வகுப்புகள், ஒரு மாதிரி நேர்முகத் தேர்வு என்பது என் கணக்கு. இதற்கெனத் தனிக் கட்டணம் எதுவும் இல்லை. படிப்புக் கட்டணத்திலேயே அடங்கிவிடுகிறது. இப்படியொரு மையம் இருந்தும், ஆசிரியராகப் போகிறவர்கள் அதன் வாசலை மிதிப்பது அரிது. வகுப்பறைதான் நம் வேலை என்று முன்பே முடிவாகிவிட்ட பிறகு வழிகாட்ட என்ன இருக்கிறது என்று நினைத்துவிடுகிறோம். நானும் அப்படித்தான் நினைத்தேன். பொறியியலும் வணிகவியலும் படிப்பவர்களுக்கானது அந்த மையம் என்ற எண்ணத்தோடு முதல் இரண்டு பருவங்களையும் கழித்துவிட்டு, மூன்றாம் பருவத்தில்தான் போய்ச் சேர்ந்தேன். அந்தத் தாமதத்துக்கு நான் கொடுத்த விலை சிறிதன்று.

முதல் சந்திப்பில் ஆலோசகர் கேட்ட முதல் கேள்வியே என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. "நீங்கள் பெறப்போவது பட்டம் மட்டுமா, கற்பிக்கும் உரிமமும் சேர்த்தா?" என்று கேட்டார். கல்வியியலில் முதுகலைப் பட்டம் பெறுவதால் மட்டும் ஆசிரியர் உரிமம் தானாகக் கைக்கு வந்துவிடுவதில்லை. உரிமத்துக்கான கற்பித்தல் பயிற்சியை உள்ளடக்கிய படிப்புகள் இருக்கின்றன. பாடத்திட்ட வடிவமைப்பு, கல்வி நிர்வாகம், மதிப்பீடு, ஆய்வு ஆகியவற்றை மட்டுமே நோக்கமாகக் கொண்ட படிப்புகளும் அதே பெயரில் இருக்கின்றன. பயிற்சி நாட்கள், தனித் தகுதித் தேர்வு, பின்னணிச் சரிபார்ப்பு என்று உரிமத்துக்கு வேண்டியவை ஒவ்வொன்றும் வாரக்கணக்கில், சில வேளை மாதக்கணக்கில் இழுக்கக்கூடியவை. பல்கலைக்கழகத்தின் கையேட்டை நம்பி நிற்காமல், உரிமம் வழங்கும் அமைப்பின் விதிமுறைகளை நேரடியாகத் திறந்து ஒவ்வொரு நிபந்தனைக்கும் எதிரே என்னிடம் உள்ள சான்றை எழுதும்படி அவர் சொன்னார். அரை மணி நேரத்தில் இரண்டு இடங்கள் வெறுமையாக இருப்பது தெரிந்துவிட்டது. என்னோடு படித்த ஒருவருக்கு இதே உண்மை கடைசிப் பருவம் முடிந்த பிறகுதான் தெரியவந்தது. இந்த ஒரு கேள்விக்காகவே முதல் பருவத்தில் ஒருமுறையாவது அங்கே போய்வர வேண்டும் என்பேன்.

அடுத்தது நேரம். படிப்பு முடியட்டும், பிறகு வேலையைப் பார்த்துக்கொள்ளலாம் என்போரும் இரண்டையும் எப்படியோ சமாளித்துவிடலாம் என்போரும் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்திருக்க மாட்டார்கள். படிப்புச் சுமையை அளக்கும் ஐரோப்பிய மதிப்பலகு (ECTS credit) முறையை அளவுகோலாக எடுத்துக்கொண்டால், முழுநேரப் படிப்பில் ஓராண்டுக்கு 60 மதிப்பலகுகள். ஒரு மதிப்பலகுக்கு 25 முதல் 30 மணி நேர உழைப்பு. ஆக, ஆண்டுக்கு 1500 முதல் 1800 மணி. 40 வாரங்களுக்குப் பகிர்ந்தால் வாரத்துக்கு ஏறத்தாழ 38 முதல் 45 மணி வரும். ஆய்வேட்டுக்கு 30 மதிப்பலகுகள் என்றால் அது மட்டுமே 750 மணிக்குக் குறையாது. வேலை தேடுவதற்கென்று இதற்கு வெளியே தனியாக நேரம் இல்லை என்பதை இந்த எண்கள் காட்டிவிடுகின்றன. ஆலோசகர் என் ஆய்வேட்டுக் கால அட்டவணையைக் கொண்டுவரச் சொல்லி, அதில் நான் வெறுமனே காத்திருக்கப்போகும் வாரங்களைத் தேடினார். நெறிமுறைக் குழுவின் ஒப்புதலுக்காகக் காத்திருக்கும் வாரங்கள், நெறியாளரிடம் ஓர் அத்தியாயத்தைக் கொடுத்துவிட்டுத் திருத்தம் வரும்வரையிலான நாட்கள், பள்ளி விடுமுறையால் தரவு சேகரிக்க முடியாத இடைவெளி ஆகியவற்றைப் பச்சை மையால் வட்டமிட்டார். விண்ணப்பங்கள், பரிந்துரைக் கடிதங்கள், உரிமத்துக்கான ஆவணங்கள் எல்லாமே அந்தப் பச்சை வட்டங்களுக்குள் நடந்து முடிந்தன. ஆய்வேட்டின் மிக நெருக்கடியான வாரங்களில் நான் ஒரு விண்ணப்பம்கூட எழுத வேண்டியிருக்கவில்லை.

மையத்தின் விருப்ப அளவீட்டுச் சோதனையைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. மனிதரின் விருப்பங்களையும் வேலைகளையும் ஆறு வகைகளாகப் பிரித்து உளவியலாளர் ஜான் ஹாலண்ட் 1959-இல் முன்வைத்த கோட்பாட்டின் அடிப்படையில் அமைந்தது அது. துறை எதுவென்று முடிவு செய்யாதவர்களுக்கு அது பயன்படலாம். கற்பித்தல் அந்த வகைப்பாட்டில் சமூக வகையைச் சேர்ந்தது என்பதால், கல்வியியல் மாணவருக்கு அந்த விடையே வருவதில் வியப்பில்லை. எனக்கும் என் நண்பர்கள் நால்வருக்கும் ஒரே முடிவு வந்தது. குழுப் பயிலரங்குகளும் ஏறத்தாழ இதே தரம்தான். தன்விவரக் குறிப்பை இரண்டு பக்கத்துக்குள் எழுதுங்கள், எழுத்துப் பிழைகளைத் திருத்துங்கள் என்பதைத் தாண்டி அவை போகவில்லை.

தனிச் சந்திப்பில் அதே தன்விவரக் குறிப்பு வேறுவிதமாக நடத்தப்பட்டது. ஆய்வேட்டின் தலைப்பை அப்படியே ஒரு வரியில் போட்டிருந்தேன். அந்த வரியில் மட்டும் பதினேழு சொற்கள். ஆலோசகர் அதை உரக்கப் படித்துவிட்டு, "ஒரு தலைமையாசிரியர் இதைப் படித்தால் உங்களிடம் என்ன கேட்பார்?" என்றார். எனக்குப் பதில் வரவில்லை. அவர் பேனாவை என் பக்கம் நகர்த்தி, நான் வகுப்பறைக்குள் உண்மையில் செய்ததை மட்டும் எழுதச் சொன்னார். கேள்வி கேட்ட பிறகு ஆசிரியர் எவ்வளவு நேரம் காத்திருக்கிறார், அந்த நேரத்தை நீட்டினால் பேசாத பிள்ளைகள் பேசுகிறார்களா என்பதை ஒரே வகுப்பில் ஆறு வாரம் செயலாய்வாகச் செய்து பார்த்தேன் என்று எழுதினேன். "இதைத்தான் அவர் தேடுகிறார்" என்றார். அன்றுதான் எனக்கு ஒரு பிடி கிடைத்தது. அதுவரை என் மேசையில் இரண்டு கோப்புகள் இருந்தன. ஒன்றில் ஆய்வேடு, மற்றொன்றில் வேலை. ஒன்றுக்குக் கொடுத்த நேரம் மற்றொன்றிடமிருந்து திருடியது போல உறுத்திக்கொண்டே இருந்தது. ஆய்வேட்டுக்காகச் செய்த ஒவ்வொரு வேலையும் நல்ல ஆசிரியராவதற்கான சான்றாகவும் நிற்க முடியும் என்று தெரிந்த பிறகு அந்த உறுத்தல் குறைந்தது.

இந்த மையத்தின் மிகச் சிறந்த பகுதி மாதிரி வகுப்பு. 1960-களின் தொடக்கத்தில் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் டுவைட் ஆலனும் அவருடன் பணியாற்றியவர்களும் உருவாக்கிய நுண்ணிலைக் கற்பித்தலின் ஒழுங்கையே இவர்களும் பின்பற்றுகிறார்கள்: சில நிமிடங்கள் கற்பித்தல், உடனே திறனாய்வு, பிறகு அதையே மீண்டும் கற்பித்தல். எனக்குப் பத்து நிமிடம் கொடுத்தார்கள். பின்னங்களை ஒப்பிடுவதை எடுத்துக்கொண்டேன். எதிரே ஐந்து பேர் மாணவர்களாக அமர்ந்திருந்தார்கள். வகுப்பு நன்றாகவே போனதாக நினைத்தேன்; குரல் தெளிவாக இருந்தது, கரும்பலகையில் எழுதியது ஒழுங்காக இருந்தது, நேரத்துக்குள் முடித்தேன்.

பார்வையாளராக இருந்தவர் ஒரு தாளை என் முன் வைத்தார். நான் கேட்ட பதினொரு கேள்விகளும் அதில் வரிசையாக எழுதப்பட்டிருந்தன. ஒவ்வொன்றுக்கும் எதிரே, கேள்வி முடிந்ததற்கும் நான் மீண்டும் வாய் திறந்ததற்கும் இடைப்பட்ட நேரம் குறிக்கப்பட்டிருந்தது. எட்டுக் கேள்விகளுக்கு எதிரே ஒரு நொடியோ அதற்கும் குறைவோ. "பாதியா, மூன்றில் ஒன்றா, எது பெரியது?" என்று கேட்டுவிட்டு, ஒருவர் மூச்சை இழுக்கும் முன்பே நானே "பாதி" என்று சொல்லிவிட்டிருந்தேன். பிறகு அவர் அமைதியாகக் கேட்டார்: "உங்கள் ஆய்வேட்டின் இரண்டாம் அத்தியாயத்தில் என்ன எழுதியிருக்கிறீர்கள்?"

அந்த அத்தியாயம் முழுவதும் நான் எழுதியிருந்தது இதைத்தான். ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் சராசரியாக ஒரு நொடி அளவே காத்திருக்கிறார்கள் என்பதையும், அதை மூன்று நொடியாக நீட்டினால் பதில்கள் நீளமாகின்றன, தாமாக முன்வந்து பேசுவோர் கூடுகிறார்கள், பதிலில்லா மௌனம் குறைகிறது என்பதையும் அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970-களில் வெளியிட்ட ஆய்வுகளிலிருந்து பக்கம் பக்கமாக எடுத்துரைத்திருந்தேன். எழுதியது கைக்கு வரவில்லை. கண் கலங்கிற்று என்பதை மறைக்க விரும்பவில்லை. அவர் ஆறுதல் ஏதும் சொல்லாமல், இருபது நிமிடம் கழித்து அதே பாடத்தை மீண்டும் நடத்தச் சொன்னார். இரண்டாம் முறை ஒவ்வொரு கேள்விக்குப் பிறகும் மேசையின் அடியில் மூன்று விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினேன். மூன்றாவது விரல் மடங்கும்போது, முதல் முறை வாயே திறக்காத ஒருவர் பேசத் தொடங்கினார். நெறியாளருடன் ஓராண்டு பேசியும் என் ஆய்வுப் பொருளை இவ்வளவு நெருக்கமாக நான் அறிந்ததில்லை. அந்த வாரமே முடிவுரையைத் திருத்தினேன். காத்திருக்க வேண்டும் என்று தெரிந்திருப்பதற்கும் காத்திருக்க முடிவதற்கும் இடையே பயிற்சி ஏன் தேவைப்படுகிறது என்ற பகுதி அப்படி வந்ததுதான்.

செயல் தொகுப்பு பற்றியும் ஓர் எச்சரிக்கை கிடைத்தது. என் பாடக் குறிப்புகள், மாணவர் விடைத்தாள்களின் படங்கள், வகுப்புக் காணொளி ஆகியவற்றை வேலை தருவோரிடம் காட்டுவதற்காகத் தொகுத்திருந்தேன். ஆலோசகர் ஒரு படத்தைப் பெரிதாக்கிக் காட்டினார். குறிப்பேட்டின் மேல் மூலையில் ஒரு பிள்ளையின் பெயர் பென்சிலால் எழுதப்பட்டிருந்தது. பெற்றோர் கையெழுத்திட்ட ஒப்புதல் ஆய்வுக்கு மட்டுமே உரியது. நான் வேலை தேடுவதற்கு அந்தப் பிள்ளையின் கையெழுத்தையோ முகத்தையோ பயன்படுத்த அது இடம் தருவதில்லை. காணொளியை நீக்கிவிட்டு, பாடக் குறிப்பையும் அதை ஏன் மாற்றினேன் என்ற ஒரு பக்க விளக்கத்தையும் வைத்தேன். இதை எனக்கு வேறு யாரும் சொல்லியிருக்கவில்லை.

மாதிரி நேர்முகத் தேர்வு என் ஆய்வேட்டு வாய்மொழித் தேர்வுக்குப் பத்து நாள் முன்பு நடந்தது. நாட்கள் நெருங்கி வந்ததில் ஒரு நன்மை இருந்தது. வினாப்பட்டியலின் நம்பகத்தன்மையை எப்படி உறுதிசெய்தீர்கள் என்று தேர்வாளர் கேட்டால், வினாக்கள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதை அளக்க 1951-இல் உளவியலாளர் க்ரான்பாக் அளித்த ஆல்ஃபா கெழுவைச் சொல்லி, அதன் வரம்புகளையும் சொல்ல வேண்டும். அதே வினாப்பட்டியலைப் பற்றிப் பள்ளியில் கேட்டால், பிள்ளைகளிடம் என்ன கேட்டேன், அவர்கள் சொன்னதைக் கொண்டு வகுப்பில் எதை மாற்றினேன் என்று சொல்ல வேண்டும். இரண்டு பதில்களையும் ஒரே மாலையில் மாறி மாறிச் சொல்லிப் பழகினேன். பள்ளிக்கான பதில் தெளிவானபோது தேர்வாளருக்கான பதிலும் தெளிவாயிற்று.

குறைகள் உண்டு, அவை சிறியவையும் அல்ல. மையத்தில் உள்ளவர்கள் வகுப்பறை வேலையை நன்கு அறிவார்கள். அதற்கு வெளியே கல்வியியல் பட்டதாரிகள் செல்லும் இடங்களை அறியார்கள். தேர்வு வினா வடிவமைப்பு, கல்வி மென்பொருள் நிறுவனங்கள், சிறப்புக் கல்வித் திட்டங்கள், தொண்டு நிறுவனங்கள், முனைவர் பட்ட ஆய்வு ஆகியவற்றைப் பற்றி நான் கேட்டபோதெல்லாம் பொதுவான பதில்களே வந்தன. மதிப்பீட்டுத் துறையில் பணியாற்றும் முன்னாள் மாணவர் ஒருவரை நானே தேடிப் பேசியபோது, ஒரே ஒரு உரையாடலில் அதைவிடக் கூடுதலாகத் தெரிந்துகொண்டேன். வாரந்தோறும் மின்னஞ்சலில் வரும் வேலை அறிவிப்புகளில் கல்வித் துறைக்குரியவை ஒன்றிரண்டைத் தாண்டுவதில்லை.

இன்னொன்று எனக்கு உண்மையாகவே வருத்தம் தந்தது. நெறியாளருக்கும் இந்த மையத்துக்கும் இடையே எந்தத் தொடர்பும் இல்லை. ஆய்வேட்டுக் காலத்தில் வேலைக்கு விண்ணப்பிப்பதை என் நெறியாளர் கவனச் சிதறலாகவே பார்த்தார். மையமோ ஆய்வேட்டு ஒப்படைப்பு நாட்களைக் கேட்டறியாமல் வேலைவாய்ப்புக் கண்காட்சியை அதே வாரத்தில் வைத்தது. பட்டம் முடிவதும் வேலை தொடங்குவதும் ஒரே மனிதருடைய வாழ்வில் நடப்பவை என்பதை நினைவில் வைத்து இரு தரப்பும் ஆண்டுக்கு ஒருமுறை ஒரே மேசையில் உட்கார்ந்தாலே போதும், இந்த மோதலில் பாதி தீரும். அது நடக்கும்வரை மாணவர்தான் இரு பக்கத்துக்கும் செய்தி சுமக்க வேண்டும். பரிந்துரைக் கடிதம் கேட்டபோது, மாதிரி வகுப்பின் பார்வையாளர் குறிப்பையும் திருத்திய முடிவுரையையும் சேர்த்து நெறியாளரிடம் கொடுத்தேன். அதன் பிறகுதான் அவர் அந்த மையத்தைப் பற்றி முதன்முறையாக விசாரித்தார்.

தங்கள் பல்கலைக்கழகத்தில் இத்தகைய மையம் உள்ளவர்கள் பயிலரங்குகளைத் தவிர்த்துவிட்டுத் தனிச் சந்திப்புக்கும் மாதிரி வகுப்புக்கும் முதல் பருவத்திலேயே பதிவு செய்யுங்கள். வெறுங்கையோடு போகாமல், ஆய்வேட்டு முன்மொழிவு, கால அட்டவணை, நீங்களே நடத்திய ஒரு பாடத்தின் குறிப்பு ஆகிய மூன்றையும் எடுத்துச் செல்லுங்கள். கொண்டுபோகும் பொருளின் அளவுக்கே அங்கே உதவி கிடைக்கும். ஒப்படைப்புக்கு முந்தைய மூன்று வாரங்களில் இடம் கிடைப்பது அரிது என்பதால் அந்த நாட்களை நம்பியிருக்க வேண்டாம்.

பட்டம் பெற்ற பிறகும் ஓராண்டுக்கு இச்சேவை தொடரும் என்பது கடைசிச் சந்திப்பில்தான் எனக்குத் தெரிந்தது. வந்திருக்கும் பணி ஒப்பந்தத்தில் தகுதிகாண் காலம் பற்றிய பகுதி எனக்குச் சரியாகப் புரியவில்லை. அடுத்த வாரம் அதை எடுத்துக்கொண்டு எட்டாவது சந்திப்புக்குப் போகிறேன்.