பாயிண்ட் கிரே: இரண்டு ஓட்டா, ஒரே ஓட்டா?

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் முதல்வர்களின் தொகுதி என்று பெயரெடுத்தது வான்கூவர்–பாயிண்ட் கிரே. பல்கலைக்கழக வளாகம், கிட்சிலானோ என்ற குடியிருப்பின் ஒரு பகுதி, பெரிய பங்களாக்கள், வாடகை அறைகளில் மாணவர்கள் என்று எல்லாரும் ஒரே தொகுதிக்குள். இங்கே இரண்டு விதமான தேர்தல் முறைகள் நடந்திருக்கின்றன. 1986 தேர்தல் வரை வாக்காளர் கையில் ஒன்றுக்கு மேல் ஓட்டு இருந்தது. கடைசிக் காலத்தில் இரண்டு. முதல் இரண்டு இடம் பிடித்தவர்கள் சட்டசபைக்குப் போவார்கள். 1991 முதல் ஒரே ஓட்டு, ஒரே உறுப்பினர்.

இரட்டை ஓட்டுக்கு ஆதரவாகப் பேசுகிறவர்கள் 1986 தேர்தலைத்தான் காட்டுவார்கள். வலதுசாரியான சோஷியல் கிரெடிட் கட்சியின் கிம் கேம்ப்பெல், எதிரணியில் இடதுசாரியான புதிய ஜனநாயகக் கட்சியின் டார்லின் மார்சாரி இருவரும் ஒரே தொகுதியிலிருந்து ஜெயித்தார்கள். பங்களாக்காரருக்கும் மாணவருக்கும் ஆளுக்கொரு உறுப்பினர்! (இந்தக் கிம் கேம்ப்பெல்தான் 1993 இல் நாட்டின் பிரதமரானார்.)

ஆனால் அதற்கு முந்தைய கதையையும் பார்க்க வேண்டும். பாட் மெகீர், கார்ட் கார்டம் இருவரும் லிபரல்கள். 1972 இல் மாகாணமே புதிய ஜனநாயகக் கட்சி பக்கம் சாய்ந்தபோதும் இவர்கள் இங்கே ஜெயித்தார்கள். 1975 இல் இருவருமே சோஷியல் கிரெடிட்டுக்குத் தாவி, அந்தக் கட்சியின் பேரிலேயே மறுபடி ஜெயித்து அமைச்சர்களும் ஆனார்கள். இரண்டு இடமும் ஒரே கட்சிக்குப் போனால், தோற்ற பக்கத்துக்குச் சட்டசபையில் யாரும் இல்லை. பிரதிநிதித்துவம் இரட்டிப்பாகவில்லை, வெற்றிதான் இரட்டிப்பானது. 1986 ஒரு அதிர்ஷ்டம், அவ்வளவுதான்.

ஒற்றை ஓட்டுக் காலம் வேறு மாதிரி. 1991 இல் மார்சாரி, 1996 முதல் லிபரல் தலைவர் கார்டன் கேம்ப்பெல் (கிம்முக்கு உறவில்லை). 2001 இல் 79 இடங்களில் 77 ஐ அள்ளி அவர் முதல்வரானபோது, மாகாணத் துணைநிலை ஆளுநராக இருந்தவர் அதே கார்டம். பழைய உறுப்பினர் முன்னிலையில் புதிய உறுப்பினர் பதவியேற்றார்.

கார்டன் கேம்ப்பெல்லுக்குப் பின் முதல்வரான கிறிஸ்டி கிளார்க், 2011 இடைத்தேர்தலில் புதிய ஜனநாயகக் கட்சியின் டேவிட் ஈபியைச் சில நூறு ஓட்டில்தான் தாண்டினார். 2013 இல் அதே ஈபி சுமார் ஆயிரம் ஓட்டு வித்தியாசத்தில் அவரைத் தோற்கடித்தார். கருத்துக் கணிப்புகளைப் பொய்யாக்கி கிளார்க்கின் கட்சி ஆட்சியைத் தக்கவைத்த அதே இரவில், முதல்வருக்கு மட்டும் இடமில்லை. கெலோனா பக்கம் ஒருவர் ராஜினாமா செய்து இடம் விட்டுக்கொடுக்க, இடைத்தேர்தலில் நின்றுதான் சட்டசபைக்குத் திரும்பினார். பழைய முறையாக இருந்திருந்தால் இரண்டாம் இடம் பிடித்தே அவர் தப்பித்திருக்கவும் கூடும். முதல்வரையே வீட்டுக்கு அனுப்பும் இந்தக் கூர்மைக்காக என் ஓட்டு ஒற்றை முறைக்குத்தான்.

ஒற்றை முறையில் தோற்றவர்களின் ஓட்டு வீணாகிறது என்ற குறை நியாயமானதுதான். அதைச் சரிசெய்ய, கட்சிகள் வாங்கும் ஓட்டின் விகிதப்படி இடம் தரும் விகிதாசார முறை வேண்டுமா என்று மாகாணம் 2018 இல் பொது வாக்கெடுப்பு நடத்தியது. அப்போது சட்டத்துறை அமைச்சராக அந்த வேலையைக் கவனித்தவர், பின்னால் 2022 இல் முதல்வரான பாயிண்ட் கிரே உறுப்பினர் ஈபிதான். 61 சதவீதம் பேர் இருக்கிற முறையே போதும் என்று சொல்லிவிட்டார்கள்.