சிராய் பிளக்க ஒரு கைக்கோடாரி: வாங்கியது மூன்று, இரவல் ஒன்று

கோத்தகிரியில் எங்கள் வீட்டுக் குளியலறைக்குப் பின்னால் ஒரு செம்பு பாய்லர் நிற்கிறது. நடுவில் குழாய், அடியில் சாம்பல் விழத் தட்டு, சுற்றிலும் தண்ணீர். ஐப்பசி மழையில் மின்சாரம் போனால் கீசர் வெறும் சுவர் அலங்காரம்தான், அப்போதெல்லாம் கைகொடுப்பது இந்தப் பாய்லர். ஆனால் அதன் வாய் சின்னது. பெருவிரல் கனத்தில் பத்துப் பன்னிரண்டு சிராய் போட்டுப் பற்றவைத்து, அப்புறம் மணிக்கட்டு கனத்தில் நாலு துண்டு போட வேண்டும். முழு விறகை உள்ளே திணித்தால் புகைதான் மிச்சம்.

விறகு உடைத்துக் கொடுத்துக்கொண்டிருந்த பெரியவர் மகனோடு திருப்பூருக்குப் போய்விட்டார். லோடு இறக்கும்போதே ஆள் வைத்துப் பெரிய கட்டைகளை நாலாக உடைத்து வாங்கிக்கொள்கிறேன். அதைச் சிராயாக்குவது என் பாடு. எனக்கு வயது 61, முப்பது வருடம் கரும்பலகையில் எழுதிய வலது மணிக்கட்டு, சின்னக் கை. கோடாரி ஆண்கள் வாங்குகிற பொருள் என்று நினைத்துக் கடைக்காரர்கள் பேசுவதால், எதைக் கேட்க வேண்டும் என்றே தெரியாமல் மூன்று வாங்கினேன். நீங்களாவது ஒன்றோடு நிறுத்திக்கொள்ளலாம் என்றுதான் எழுதுகிறேன்.

முதலாவது, பக்கத்து இரும்புக் கடையில் 380 ரூபாய். இரும்புக் குழாயையே காம்பாகப் பற்றவைத்தது. காம்பு உடையாது, தலை கழன்று பறக்காது என்று கடைக்காரர் சொன்னார். இரண்டும் உண்மை. மார்கழி விடியலில் அந்தக் குழாயைப் பிடித்துப் பார்த்தால்தான் மீதி உண்மை தெரியும். ஐஸ் கட்டியைப் பிடித்த மாதிரி இருக்கும். ஒவ்வொரு அடிக்கும் அதிர்ச்சி நேராக முழங்கைக்கு ஏறும். அதைவிடப் பெரிய தொல்லை தலையின் வடிவம். கத்தி மாதிரி முழுக்கத் தட்டை. கட்டையில் இறங்கும், இறங்கிய இடத்திலேயே மாட்டிக்கொள்ளும். கட்டையோடு சேர்த்துத் தூக்கித் தட்டி, ஆட்டி, பிடுங்கி எடுப்பதற்குள் பால் பொங்கி வழிந்துவிடும்.

இரண்டாவதை இணையத்தில் வாங்கியது முழுக்க என் தவறு. 1,450 ரூபாய், கறுப்புப் பூச்சு, பிடியில் பச்சைக் கயிறு சுற்றியிருந்தது, பின்பக்கம் சுத்தியல், நடுவில் ஆணி பிடுங்க ஓர் ஓட்டை. காட்டில் முகாம் போடுகிறவர்களுக்கானதாம். நான் போகிற தூரம் அடுப்படியிலிருந்து விறகுக் கொட்டகை வரை. சில்வர் ஓக்கில் ஒரு வாரம் ஒழுங்காகத்தான் இருந்தது. அப்புறம் ஒரு தேயிலைக் கட்டையில் வைத்தேன். பழைய செடிகளைப் பிடுங்கிய தோட்டங்களிலிருந்து வருகிற அந்தக் கட்டைகளை மலையில் இருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. முறுக்கிய உடம்பு, கல் மாதிரி கனம், தணல் மணிக்கணக்கில் நிற்கும். நாலே அடியில் கோடாரியின் விளிம்பு மடங்கிவிட்டது. விரல் நகத்தால் தடவினால் சுருட்டிய காகித ஓரம் மாதிரி தட்டுப்பட்டது. பயன்படுத்திய பொருளைத் திரும்ப எடுக்க மாட்டோம் என்று பதில் வந்தது. பயன்படுத்தாமல் அது மடங்கும் என்று எப்படித் தெரிந்துகொள்வதாம்?

இந்தச் சமயத்தில்தான் எதிர்வீட்டு அம்மா அவர்களுடையதை இரவல் கொடுத்தார். வெளிநாட்டிலிருந்து மகன் கொண்டுவந்த ஃபிஸ்கார்ஸ் எக்ஸ்7. பின்லாந்தில் 1649இல் இரும்பு உருக்காலையாகத் தொடங்கிய கம்பெனி அது. 14 அங்குல நீளம், மொத்த எடை முக்கால் கிலோவுக்கும் கீழே. காம்பு மரமில்லை, கண்ணாடி இழை கலந்த பிளாஸ்டிக், தலையைச் சுற்றி வார்த்தது போல இறுகப் பிடித்திருக்கிறது. கையில் எடுத்ததுமே வித்தியாசம் தெரிந்துவிட்டது. கனம் முழுவதும் முனையில் இருப்பதால் மணிக்கட்டு திருப்ப வேண்டியதில்லை, அதுவே விழுகிறது. உலர்ந்த சில்வர் ஓக்கில் சிராய் சீவுவது வாழைத்தண்டு நறுக்குகிற மாதிரி இருந்தது. சிராய் மட்டும்தான் வேலை, காசும் ஒரு பொருட்டில்லை என்றால் இதோடு படிப்பதை நிறுத்திவிடலாம். எனக்குத் தேயிலைக் கட்டையும் கணு விழுந்த கற்பூர மரமும் (யூகலிப்டஸ்தான்) இருக்கின்றன. அதற்கு இன்னும் கொஞ்சம் பாரம் வேண்டும். இன்னொன்று, வார்த்த காம்பு என்பதால் மரக் காம்பைப் போல நாமே செதுக்கி மாற்றிக்கொள்கிற வழி இல்லை. இரவல் பொருளில் அந்த யோசனை வந்தாலே கை நடுங்குகிறது.

அப்புறம்தான் மேட்டுப்பாளையம். தங்கை வீட்டுக்குப் போனபோது, சந்தை பக்கம் ஒரு கொல்லுப் பட்டறையில் நின்றேன். அரிவாள், கொடுவாள், களைக்கொத்து எல்லாம் கோணியில் பரப்பியிருந்தது. சின்னக் கோடாரி வேண்டும் என்றேன். ஆசாரி என்னை மேலும் கீழும் பார்க்கவில்லை. விலையும் சொல்லவில்லை.

"வெட்டறதுக்குங்களா டீச்சர், பொளக்கறதுக்குங்களா?" என்றார். டீச்சர் என்று எப்படிக் கண்டுபிடித்தாரோ!

அத்தனை கடையிலும் இணையத்திலும் யாரும் கேட்காத கேள்வி அது. கிளையைக் குறுக்கே வெட்டும்போது மரத்தின் நாரை அறுக்கிறோம். அதற்கு மெல்லிய, கூரான வாய் வேண்டும். பிளக்கும்போது அறுப்பதே இல்லை. வாய் அரை அங்குலம் இறங்கினால் போதும், அப்புறம் நார் போகிற வழியில் விரிசல் தானாக ஓடுகிறது, கோடாரியின் கன்னம், அதாவது வாய்க்கு மேலே இருக்கிற பக்கவாட்டுப் பகுதி, இரண்டு பக்கமும் தள்ளிவிடுகிறது. கன்னம் ஒட்டிப்போயிருந்தால் மாட்டிக்கொள்ளும், என் முதல் கோடாரியைப் போல. வாயிலிருந்தே உப்பியிருந்தால் மரத்தில் இறங்காமல் எகிறும். வாய் ஓரத்தில் மெலிந்து, அதற்கு மேல் சட்டென்று தடித்த கன்னம்தான் வேண்டும். கடையில் பார்க்கும்போது மேலிருந்து, காம்பு நுழையும் பக்கமாகப் பாருங்கள். ஆப்பு மாதிரி தெரிய வேண்டும். கத்தி மாதிரி தெரிந்தால் வைத்துவிடுங்கள்.

லாரியின் பாரம் தாங்குகிற ஸ்பிரிங்கான கமான் பட்டையில் அடித்துத் தருவதாகச் சொன்னார். அந்த எஃகு வளைந்து நிமிர்ந்து பழகியது, உடையாது. தலை 800 கிராம், காம்பு 16 அங்குலம், கருவேலம். 900 ரூபாய் கேட்டார், 850க்கு முடித்தேன். மறுநாள் நான் நிற்கும்போதே தோய்ச்சல் போட்டார். பார்க்க வேண்டிய காட்சி அது. சிவக்கக் காய்ச்சிய தலையின் வாயை மட்டும் பழைய எஞ்சின் ஆயிலில் முக்கி எடுத்து, செங்கல் துண்டால் தேய்த்துப் பளபளப்பாக்கினார். உடம்பில் மிச்சமிருக்கிற சூடு மெதுவாக வாயை நோக்கி வரும்போது எஃகின் மேல் நிறம் ஓடுகிறது. முதலில் வைக்கோல் நிறம், அடுத்து தவிட்டு நிறம், அதன் பின்னாலேயே ஊதா. ஊதா எட்டிப்பார்த்த நொடியில் மறுபடி முக்கிவிட்டார். வைக்கோல் நிறத்திலேயே நிறுத்தினால் வாய் கண்ணாடி மாதிரி சில்லு தெறிக்கும், நீலம் தாண்ட விட்டால் மடங்கும் என்றார். என் 1,450 ரூபாயின் கதை அந்த ஒரு வரியில் முடிந்துவிட்டது.

இது தெரிந்த பிறகு கைப்பையில் ஒரு சின்ன அரம் வைத்துக்கொள்ளத் தொடங்கினேன், தங்கை சிரிக்கிறாள். ஆனால் நல்ல சோதனை. கோடாரி வாயில் அரத்தை ஒரு இழுப்பு இழுத்தால், மெல்லக் கடித்துக்கொண்டு போக வேண்டும். வெண்ணெய் மாதிரி சீவினால் எஃகு மிருது. கடிக்காமல் வழுக்கினால் மிதமிஞ்சிய கடினம், சில்லு போகும், வீட்டில் தீட்டவும் முடியாது.

காம்பையும் கவனித்து வாங்க வேண்டும். மரத்தின் இழை மேலிருந்து கீழ் வரை நீளவாக்கில் ஓட வேண்டும். நடுவில் இழை சாய்ந்து வெளியேறினால் ஒருநாள் அந்த இடத்தில் முறியும். பெயிண்ட் அடித்த காம்பை வாங்காதீர்கள், இழை தெரியாது. பெயிண்டே அதற்காகத்தானோ என்று எனக்குச் சந்தேகம். இன்னொரு பார்வையும் உண்டு: காம்பின் அடியிலிருந்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தால் வாய் நேர்கோட்டில் நிற்க வேண்டும். கோணியிருந்தால் ஒவ்வொரு அடியும் பக்கத்தில் சாயும். பட்டறையில் எனக்கு முதலில் கொடுத்தது கோணல்தான். சொன்னதும் முகம் சுளிக்காமல் ஆப்பைப் பிடுங்கிச் சரிசெய்து தந்தார்.

ஏழு மாதம் ஆகிறது. சீகை (வாட்டில் மரம்), சில்வர் ஓக், கற்பூர மரம் எல்லாம் பார்த்துவிட்டது. சீகை நேராகப் பிளக்கும், சொன்ன பேச்சு கேட்கிற பிள்ளை. கற்பூர மரத்தைப் பச்சையாக இருக்கும்போதே உடைத்துக் காயவைத்துவிட வேண்டும். காய்ந்த பிறகு நார் பின்னிக்கொண்டு உயிரை வாங்கும். தேயிலைக் கட்டையில் இந்தக் கோடாரியும் எகிறத்தான் செய்கிறது, ஆனால் வாய் மடங்கவில்லை. மாதம் ஒருமுறை அரத்தால் நாலு இழுப்பு, போதும்.

குறை இல்லாமலும் இல்லை. உறை கிடையாது, பழைய சைக்கிள் டியூபை வெட்டி நானே மாட்டினேன். இங்கே ஈரத்துக்கு ஒரே வாரத்தில் துரு பூத்துவிடுகிறது, தேங்காய் எண்ணெய் தடவி வைக்கிறேன். மூன்றாம் மாதத்தில் பனிக்காற்றுக்குக் காம்பு சுருங்கித் தலை ஆடத் தொடங்கியது. தண்ணீரில் ஊறப்போட்டால் இறுகும் என்று எல்லோரும் சொல்வார்கள். அன்றைக்கு இறுகும். காய்ந்ததும் முன்னைவிட அதிகமாக ஆடும், ஊறி உப்பிய மரம் இரும்புக்குள் நசுங்கிப்போவதால். இன்னொரு ஆப்பு அடித்து, தலைப்பக்கம் விளக்கெண்ணெயில் இரண்டு நாள் நிறுத்தி வைத்தேன். அதன் பிறகு அசையவில்லை.

பிளக்கிற முறையையும் சொல்லிவிடுகிறேன். குட்டைக் காம்பு ஆபத்தானது. நீளக் கோடாரி தவறினால் தரையில் விழும், இது தவறினால் முழங்காலுக்கு வரும். முதல் வாரத்தில் என் செருப்பின் ஓரத்தில் ஒரு கீறல் விழுந்தது, இன்னும் அந்தச் செருப்பைத் தூக்கிப் போடவில்லை. அதனால் நான் ஓங்குவதே இல்லை. கறிக்கடையில் இருப்பது மாதிரி ஒரு புளியங்கட்டை வாங்கி முன்னால் போட்டு, முக்காலியில் உட்கார்ந்துகொள்கிறேன். கோடாரி வாயை விறகின் தலையில் பதித்து, இரண்டையும் சேர்த்துத் தூக்கிக் கட்டையில் ஒரு தட்டு. விரிசல் விழுந்துவிடும். மிகவும் சின்னத் துண்டென்றால் கையால் பிடிக்காமல் வேறொரு குச்சியால் தாங்கிக்கொள்ளுங்கள். மாட்டிக்கொண்டால் பின்பக்கத்தை மரச் சுத்தியால் தட்டலாம். இரும்புச் சுத்தியல் வேண்டாம், எஃகோடு எஃகு மோதித் தெறிக்கிற துணுக்கு கண்ணுக்குப் போகும்.

பொழுது சாய்ந்த பிறகு கொட்டகைக்குப் போவதில்லை. அது கோடாரிக்குச் சம்பந்தமில்லாத காரணம், கரடி. போன மாதம் பக்கத்துத் தெருக் கடையில் எண்ணெய் டின்னைக் கவிழ்த்துவிட்டுப் போயிருக்கிறது.

சிராய் மட்டும் போதும் என்பவர்கள் கோடாரிக்கே போக வேண்டாம். நல்ல கனமான வெட்டுக்கத்தி ஒன்றை விறகில் வைத்து மரச் சுத்தியால் தட்டினாலே பிளந்துவிடும். எங்கள் அம்மா கரூரில் அப்படித்தான் செய்தார். மணிக்கட்டு கனத்துக்கு மேல் விறகு இருந்தால்தான் கைக்கோடாரி. தலை 600 கிராமுக்குக் குறையாமல், என்னைப் போல் சின்னக் கை என்றால் 800ஐத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கை பெரியது என்றால் 900 வரை போகலாம், ஒரு கிலோ வேண்டாம்.

மடங்கிய கறுப்புக் கோடாரியை ஆசாரியிடமே எடுத்துப்போய்த் திரும்பத் தோய்ச்சல் போட முடியுமா என்று கேட்டேன். அரத்தால் ஓர் இழுப்பு இழுத்துப் பார்த்தார், தட்டிப் பார்த்தார், பச்சைக் கயிற்றை மட்டும் அவிழ்த்து வைத்துக்கொண்டு மீதியை என்னிடம் திருப்பிக் கொடுத்தார்.