குயின்ஸில் ஒரு விபத்து வக்கீல் ஆபீஸ்: மூன்றரை நட்சத்திரம்

நியூயார்க்கில் நடைபாதையில் விழுந்து அடிபட்டு, வக்கீலிடம் போகலாமா வேண்டாமா என்று யோசிப்பவர்களுக்காக எழுதுகிறேன். வழக்கு நடந்துகொண்டிருப்பதால் ஆபீஸ் பெயர் போடவில்லை. ரயில் தலைக்கு மேலே ஓடும் ரூஸ்வெல்ட் அவென்யூ பக்கம், மாடியில் சின்ன இடம்.

ஊரிலிருந்து வந்திருந்த மாமியார் சாயங்காலம் நடக்கப் போனபோது, மரவேர் தூக்கிவிட்ட சிமென்ட் பலகையில் கால் இடறி விழுந்துவிட்டார். வலது மணிக்கட்டில் எலும்பு முறிவு. "நான் பாத்து நடக்காததுக்கு ஊர் மேல கேஸா?" என்று அவருக்கு ஒரே கூச்சம்.

வக்கீல் அம்மா முதலில் கேட்டது கையைப் பற்றி இல்லை. "யார் வீட்டு வாசலில் விழுந்தார்? அதில் சொந்தக்காரர் குடியிருக்கிறாரா?" விஷயமே அதில்தான் இருக்கிறதாம். 2003 செப்டம்பர் 14 முதல், நடைபாதையில் விழுந்தவருக்கு நஷ்டஈடு கொடுக்கும் பொறுப்பை நகராட்சி பக்கத்துக் கட்டடச் சொந்தக்காரர் தலையில் கட்டிவிட்டது. மூன்று குடும்பம் வரை இருக்கும் வீடு, சொந்தக்காரரும் அங்கேயே இருக்கிறார், குடியிருப்பைத் தவிர வேறு உபயோகம் இல்லை என்றால் மட்டும் பழையபடி நகராட்சி பொறுப்பு.

அதுவும் லேசில் கிடைக்காது. அந்த இடம் பழுதாக இருக்கிறது என்று விபத்துக்கு முன்பே எழுத்தில் தகவல் போயிருக்க வேண்டும், சரிசெய்ய 15 நாளும் கடந்திருக்க வேண்டும். இதற்காகவே 1982-இல் வக்கீல்கள் சங்கம் தனியாக ஒரு நிறுவனம் தொடங்கி, தெருத்தெருவாக ஆள் விட்டு, உடைசல்களை எல்லாம் வரைபடத்தில் குறித்து நகராட்சியிடம் கொடுத்தது. வக்கீல் மூளையே தனி! ஆனால் வரைபடத்துக் குறியும் விழுந்த இடத்துப் பழுதும் பொருந்தாவிட்டால் செல்லாது என்று 2008-இல் மாநிலத்தின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது.

இந்த ஆபீஸ் சம்பாதித்த நட்சத்திரமெல்லாம் அடுத்த நாள் வேலைக்குத்தான். ஒரு பையன் ஸ்கேலோடு போய்ப் பலகையை அளந்து படம் எடுத்தான். ஒரு அங்குலத்துக்கு மேல் தூக்கியிருந்தது. நகராட்சி விதிப்படி அரை அங்குலமே தடுக்கும் அபாயம்தான். அதைவிட முக்கியம், அடித்தள ஜன்னலில் ஒட்டியிருந்த 'வருமான வரி தாக்கல் செய்து தரப்படும்' போர்டையும் படம் எடுத்து வந்தான். அங்கே தொழில் நடக்கிறது என்று நிரூபித்தால் வீட்டுக்காரருக்கு அந்த விலக்கு போய்விடலாம். எங்கள் கண்ணில் அது படவே இல்லை. ஆகவே இரண்டு பக்கமும் போட்டார்கள். நகராட்சிக்கு 90 நாளுக்குள் நோட்டீஸ், ஒரு வருஷம் 90 நாளுக்குள் வழக்கு. வீட்டுக்காரர் மேல் போட மூன்று வருஷம் இருக்கிறது. மாமியாரின் செருப்பைக்கூடத் தூக்கிப் போடாதீர்கள் என்று சொல்லிப் பையில் போட்டு ஒட்டி வைத்தார்கள்.

அப்புறம்தான் கசப்பு. கையெழுத்து போட்டதும் வக்கீல் அம்மா கண்ணிலேயே படவில்லை. போன் செய்தால் ஒவ்வொரு தடவையும் ஒரு புதுக் குரல், முதலிலிருந்து கதை. நகராட்சி வக்கீல் சத்தியப் பிரமாணம் வாங்கிக் கேள்வி கேட்கும் விசாரணைக்குத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று ஆரம்பத்திலேயே சொல்லியிருந்தோம். முந்தின நாள் கூப்பிட்டு, "இந்தி போதுமா?" என்கிறார்கள். மாமியாருக்கு இந்தியில் 'அச்சா' மட்டும்தான் தெரியும். கடைசியில் தேதி தள்ளிப்போய், ஊர் திரும்பும் டிக்கெட்டையும் மாற்ற வேண்டியதாயிற்று.

முதல் ஆலோசனைக்குக் காசு கிடையாது. ஜெயித்தால் செலவு கழித்து மூன்றில் ஒரு பங்கு அவர்களுக்கு. இங்கே பெரும்பாலான இடங்களில் இதே மாதிரிக் கணக்குதான். தோற்றால் அந்தச் செலவு யார் தலையில் என்பதைக் கையெழுத்து போடும் முன் வாய்விட்டுக் கேளுங்கள், அவர்களாகச் சொல்ல மாட்டார்கள். லிப்ட் கிடையாது, கால் அடிபட்டவர்கள் வீட்டுக்கே ஆள் அனுப்பச் சொல்லலாம், வருகிறார்கள்.