குழந்தைக்கு வெண்பொருள் நோயா என்ற சந்தேகம்: எம்.ஆர்.ஐ. முதலிலா, ஜீன் டெஸ்ட் முதலிலா?

நன்றாகப் படித்துக்கொண்டிருந்த பையனின் கையெழுத்து கெடுகிறது, கூப்பிட்டாலும் சரியாகப் புரிந்துகொள்வதில்லை, நடையும் தள்ளாடுகிறது என்றால் டாக்டர்களுக்கு லுக்கோடிஸ்ட்ரோபி சந்தேகம் வரும். மூளையின் வெண்பொருளை, அதாவது நரம்பு இழைகள் நிறைந்த உட்பகுதியைத் தாக்கும் பரம்பரை நோய்கள் இவை. எப்படியும் ஜீன் டெஸ்ட்தானே உறுதி செய்யப் போகிறது, அதையே முதலில் எடுத்துவிடலாமே என்று பெற்றோர் கேட்பது நியாயம்தான். ஆனாலும் பெரும்பாலான குழந்தைகளுக்கு எம்.ஆர்.ஐ.தான் முதலில் என்பேன்.

காரணம், பாதிப்பு எந்த இடத்தில் இருக்கிறது என்பதே பாதி விடை. லுக்கோடிஸ்ட்ரோபிகளில் ஒன்றான அலெக்சாண்டர் நோயில் பெரும்பாலும் மூளையின் முன்பக்கம் கெடும். எம்.எல்.சி. என்ற, தலை பெரிதாகும் வகையில் வெண்பொருள் வீங்கி, பொட்டுப் பகுதியின் நுனியில் நீர்க்கட்டிகள் தெரியும். வட இந்தியாவின் அகர்வால் சமூகத்தில் இது அதிகம். ஆண் பிள்ளைகளைத் தாக்கும் அட்ரினோலுக்கோடிஸ்ட்ரோபியில் பெரும்பாலும் பின்பக்கம் இரண்டு புறமும் வெளுத்திருக்கும், கான்ட்ராஸ்ட் ஊசி போட்டால் அந்த வெளுப்பின் ஓரம் பளிச்சென்று தெரியும், அப்படித் தெரிந்தால் நோய் வேகமாகப் பரவுகிறது என்று அர்த்தம். எம்.ஆர்.ஐ. படத்தில் தெரியும் பாதிப்பை 34 புள்ளி லோஸ் அளவில் கணக்கிடுகிறார்கள், புள்ளி கூடினால் பாதிப்பு அதிகம். 9க்குக் கீழே இருக்கும்போதே ஸ்டெம் செல் மாற்று செய்தால்தான் நல்ல பலன், அதனால் ஜீன் ரிப்போர்ட்டுக்காக வாரக்கணக்கில் காத்திருக்க முடியாது. படத்தைப் பார்த்த உடனே இந்த நோயில் ரத்தத்தில் கூடும் மிகநீள் கொழுப்பு அமிலங்களுக்கான பரிசோதனைக்கு அனுப்பிவிடலாம்.

புரதங்களை உருவாக்கும் ஜீன் பகுதிகளை மொத்தமாகப் படிக்கும் எக்ஸோம் டெஸ்ட் நோயின் பெயரை உறுதி செய்யும், அடுத்த கர்ப்பத்துக்கும் வழிகாட்டும். ஆனால் 'அர்த்தம் தெளிவில்லாத மாற்றம்' என்று ரிப்போர்ட் வந்தால், அதை எடைபோட மறுபடி எம்.ஆர்.ஐ. படத்திடம்தான் வர வேண்டும். பெலிசேயஸ்-மெர்ஸ்பாக்கர் என்ற இன்னொரு லுக்கோடிஸ்ட்ரோபியில் பெரும்பாலும் ஒரு ஜீன் முழுவதும் இரட்டிப்பாகியிருக்கும், சாதாரண எக்ஸோமில் அது தப்பிவிடலாம்.

சி.டி. ஸ்கேன் சீக்கிரம் முடியும், கால்சியம் படிவைக் காட்டும். வெண்பொருளுக்கு அது போதாது.

எம்.ஆர்.ஐ. பின்தங்கும் இடங்களும் உண்டு. ஒரு வயதுக்குள், நரம்பு இழைகளைச் சுற்றியுள்ள மயலின் உறை முழுதாக உருவாகியிருக்காது, அதனால் படம் குழப்பும், சில மாதம் கழித்து மறுபடி எடுக்க வேண்டியிருக்கும். சின்னக் குழந்தைக்கு மயக்க மருந்தும் தேவைப்படலாம். அண்ணனுக்கு நோய் உறுதியாகியிருந்தால் தம்பிக்கு நேராக ஜீன் டெஸ்ட்தான். அதில் தம்பிக்கும் அட்ரினோலுக்கோடிஸ்ட்ரோபி என்று வந்தால், அறிகுறியே இல்லாவிட்டாலும் 3 முதல் 12 வயது வரை 6 மாதத்துக்கு ஒருமுறை எம்.ஆர்.ஐ. தொடர வேண்டும்.

அப்புறம், ரிப்போர்ட் தாளோடு விடாதீர்கள். படங்களையும் கம்ப்யூட்டர் டிஸ்க்கில் கேட்டு வாங்குங்கள், கான்ட்ராஸ்ட் போட்டார்களா என்றும் கேளுங்கள், அடுத்த டாக்டர் முதலில் பார்க்க விரும்புவது படத்தைத்தான்.